வடக்கின் பல் வைத்திய நாட்களை வெட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான பல் வைத்திய வருகைத் திட்டம் என் கைக்கு வந்தது. கனடாவின் வடக்கில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் வாழ்கிற, நான் பல வருடங்களாகப் போய்வரும் ஊருக்கு வருகைகளைக் குறைத்திருக்கிறீர்கள். போகிற தடவைகளிலும் தங்கும் நாட்களைச் சுருக்கியிருக்கிறீர்கள். அவசரம் உள்ளவர்களை விமானத்தில் பிராந்திய மையத்துக்கு எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் என்று இருப்பது இரண்டே வரி. ஒதுக்கிய நாட்களின் பயன்பாடு குறைவு. சந்திப்புக்கு வராமல் விடுகிறவர்கள் அதிகம்.

அந்த இரண்டு வரியையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் விவரமாக எழுதி அனுப்பினேன். "கிடைத்தது" என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அரசியல்வாதிகள் சால்வை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறார்கள். நல்ல விஷயம்தான். அந்த மேடைக்கு முன்னால் இருக்கிற எங்கள் சனம், சொந்தப் பிரச்சினைகளோடு, அந்த ஊர் இருக்கிற வடக்கு ஆட்புலமான நுனாவுட்டில் ஒரு பிள்ளையின் பல்லைப் பற்றியும் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். இந்த நாட்டில் அகதியாக வந்து இறங்கியவர்கள் நாங்கள். இந்த நிலம் யாருடையதோ அவர்களுடைய பிள்ளைகள் பல்லுக் கொதியோடு படுக்கப் போவது எங்களுக்கும் உரிய விஷயம்.

ஊரின் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், ஒரு பிள்ளையின் வாயைப் பற்றிச் சொன்னாலே யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிடும். உங்கள் அலுவலகத்தின் பெயரையும் எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

முதலில் அந்தப் "பயன்பாடு" என்ற சொல்லுக்கு வருகிறேன். நுனாவுட்டின் பரப்பளவு ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீற்றர். அதில் 25 ஊர்கள், 2021 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 37,000 பேர். ஓர் ஊரையும் அடுத்த ஊரையும் இணைக்கிற வீதி கிடையாது. எல்லாம் விமானம்தான். பனிப்புயல் என்றால் ஊருக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு விமானம் பிராந்திய மையமான ரங்கின் இன்லெற்றுக்கே திரும்பிவிடும். அங்கே நான் ஹோட்டலில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உங்கள் தாளில் "ஒதுக்கிய நாட்கள்". கதிரையில் ஒரு நோயாளியும் இருக்கவில்லை, ஆகவே பயன்பாடு பூச்சியம். பல் துளைக்கும் கருவியை இயக்குகிற கம்பிரசர் பழுதாகி, பாகம் தெற்கிலிருந்து வரும்வரை கையால் செய்யக்கூடியதை மட்டும் செய்த நாட்களும் அதே கணக்கில்தான் விழுகின்றன. விறைப்பு மருந்துக் குப்பிகள் சரக்கோடு போனால் உறைந்துவிடும் என்று நாங்கள் அவற்றைக் கைப்பையில் வைத்துக் குழந்தையைப் போலக் கொண்டுபோகிறோம். அந்த ஊருக்குப் போவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்த யாரும் புயலுக்கான பழியை ஊர்ச்சனத்தின் தலையில் போடமாட்டார்கள்.

வராமல் விடுகிறவர்கள் அதிகம் என்பதும் அப்படித்தான். சந்திப்பு நேரத்தை நினைவூட்டித் தெற்கிலிருந்து ஓர் அழைப்பு போகிறது. அந்த இலக்கம் மாறியிருக்கும், அல்லது அந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கும். வீடுகள் போதாமல் ஒரு கூரையின் கீழ் மூன்று தலைமுறை இருக்கிற ஊர்களில் இது புதினமில்லை. ஊரில் யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: உள்ளூர் வானொலியில் அறிவியுங்கள் என்று. "பல் வைத்தியர் வந்திருக்கிறார், இன்று மத்தியானத்துக்குப் பிறகு இடம் இருக்கிறது" என்று அவர்களுடைய மொழியான இனுக்டிட்டுட்டில் ஒரு தடவை சொன்னால் போதும், சுகாதார நிலையத்தின் வாசல் நிறைந்துவிடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அப்படி வந்தவர்கள் "சந்திப்பு இல்லாமல் வந்தவர்கள்" என்று வேறொரு நிரலில் போகிறார்கள். வராதவர்களின் நிரல் மட்டும் உங்கள் மேசைக்கு வருகிறது போலிருக்கிறது.

இன்னொன்று. கடல் திறந்து வெள்ளைத் திமிங்கிலங்கள் கரைக்கு வருகிற நாட்களில் வருகையைப் போட்டால் ஆட்கள் படகில்தான் இருப்பார்கள். குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிற இறைச்சி அது. கடையில் விலை கொடுத்து வாங்கும் உணவு எப்படிப்பட்டது, அது பல்லுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்த பல் வைத்தியர், அந்த வேட்டைக்குப் போகாதே என்று சொல்லவே மாட்டார். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தது தெற்கில் இருக்கிற ஓர் அட்டவணை. ஊர்ச்சபையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தக் கதிரையில் யார் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் திட்டத்தில் அவர்கள் எங்கும் இல்லை.

வயதான பெண்கள் சிலர் வருவார்கள். பற்கள் தேய்ந்து, மேல் விளிம்பெல்லாம் மட்டமாக இருக்கும். சீல் தோலைக் கடித்து மென்மையாக்கிக் காலணி தைத்த பற்கள் அவை. தேய்ந்திருக்கும், ஆனால் சிலருடைய வாயில் தேடினாலும் சூத்தை இருக்காது. சீல், கரிபூ மான், ஆர்க்டிக் சார் மீன் என்று சாப்பிட்டு வளர்ந்த தலைமுறையின் கடைசி ஆட்கள். அதே பெண்ணின் பேரப்பிள்ளை அடுத்ததாக ஏறும். நான்கு வயது. மேல் முன்பற்கள் நான்கும் பல்முரசு மட்டத்துக்குக் கரைந்திருக்கும்.

வடக்கில் வேலை செய்கிற எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் இல்லை இது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கூட்டாட்சிச் சுகாதார அமைச்சான ஹெல்த் கனடாவும் இனுவிட் அமைப்புகளும் சேர்ந்து எடுத்த வாய்நலக் கணக்கெடுப்பில், 3 முதல் 5 வயது வரையான பிள்ளைகளில் 85 வீதமானவர்களுக்குச் சூத்தை இருந்தது. சராசரியாகப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு எட்டுப் பற்களுக்கு மேல் சூத்தை பிடித்தவை, அடைத்தவை அல்லது பிடுங்கியவை. பால்பற்கள் மொத்தமே இருபதுதான். பதின்ம வயதுக்கு வரும்போது சூத்தை தொடாத வாய் நூற்றுக்கு மூன்றோ நான்கோதான்.

தாய்மார் பல் துலக்கிவிடுவதில்லை என்று இதற்கு எளிதாக ஒரு விளக்கம் சொல்லுவார்கள். கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். சரி, அந்த ஊரின் தண்ணீரைப் பாருங்கள். குழாய் கிடையாது. லொறி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறது. லொறி பிந்தினால் தொட்டி காலி. ரொறன்ரோவில் குழாயைத் திறந்தால் ஃபுளோரைட் கலந்த தண்ணீர் வருகிறது. அங்கே அது இல்லை. பால் விமானத்தில் வருகிறது, அதன் விலையில் விமானச் செலவும் ஏறியிருக்கிறது. சோடா பெட்டி பெட்டியாகக் கோடைக்காலக் கப்பலில் வந்து இறங்குகிறது. சீக்கிரம் பழுதாகாது. ஊர் முழுவதும் சாப்பிடுகிற உணவின் விலையை ஒரு கப்பலும் ஒரு விமானமும் தீர்மானிக்கிற இடத்தில் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2021 ஒக்டோபரில் தலைநகர் இக்கலுவிட்டிலேயே குழாய்த் தண்ணீரில் எரிபொருள் கலந்து, வாரக்கணக்காகக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். தலைநகரின் நிலை அது.

பிள்ளைகள் அழுவது குறைவு. ஆம் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள், இல்லை என்றால் மூக்கைச் சுருக்குவார்கள். வாய்க்குள் கண்ணாடியும் உறிஞ்சுகுழாயும் இருக்கும்போது கேள்வி கேட்டுப் பதில் வாங்கக்கூடிய மக்கள் உலகத்தில் எனக்குத் தெரிய இவர்கள்தான்! ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கினால் நல்லது என்று நினைத்திருக்கிறேன். நோகிறதா என்று கேட்கிறேன், புருவம் உயர்கிறது. எவ்வளவு நாளாக என்று கேட்டால் தாய்தான் சொல்லுவார்: போன தடவை பல் வைத்தியர் போன பிறகு தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் தாதி கிருமிக்குக் கொடுத்த அமொக்சிசிலினும் நோவுக்குக் கொடுத்த ஐபுபுரோஃபனும்தான். தாதிகளைக் குறை சொல்லவில்லை. பிரசவத்திலிருந்து நெஞ்சுவலி வரை எல்லாம் பார்க்கிற இரண்டு மூன்று பேர் அவர்கள்.

நீங்கள் எங்களிடம் கேட்கிற கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இந்த மடலில் நான் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயம்.

ஒரு நாளில் எத்தனை நோயாளி, எத்தனை சிகிச்சை என்று நிரப்பித் தருகிறோம். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இருபது நிமிடம் போதும். அதே பல்லின் நரம்பை எடுத்து வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். பிறகு இன்னொரு தடவை வரவேண்டும், மேலே மூடி போட அனுமதி வாங்க வேண்டும். தங்கும் நாட்கள் சுருங்கி வாசலில் ஆட்கள் நிற்கும்போது எந்த வைத்தியரும் என்ன செய்வார்? நோவை நிறுத்துவார், அதாவது பிடுங்குவார். அன்றைய தாளும் நன்றாக இருக்கும்: நிறைய நோயாளிகள், நிறைய சிகிச்சைகள். பதினாறு வயதுப் பிள்ளை சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வதற்கு உங்கள் தாளில் ஒரு நிரல் இல்லை. நாட்களைக் குறைக்கக் குறைக்கப் பிடுங்குவது கூடும். பிடுங்குவது கூடக் கூடக் குறைந்த நாட்களே போதும் என்று தாள் சொல்லும். உங்கள் திட்டம் இந்த வட்டத்துக்குள் இருந்துகொண்டு "செயல்திறன்" என்று பேசுகிறது.

பொய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அச்சு எடுக்கவேண்டும். முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். அச்சு தெற்கிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போகும். அடுத்த தடவை கடியின் அளவு, அதற்கடுத்தது மெழுகில் வைத்துப் பார்ப்பது, அப்புறம்தான் பல் வரும். நகரத்தில் இது சில வாரங்களில் முடியும். வருகைக்கும் வருகைக்கும் இடையில் பல மாதம் இருந்தால் வருடம் கடந்துவிடும். அதற்குள் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரைந்து, அச்சு எடுத்த வாய் வேறு, பல் வந்து சேரும் வாய் வேறு என்று ஆகிவிடும். பொருந்தாத பொய்ப்பல்லை மேசை லாச்சியில் வைத்திருக்கிற முதியவர்கள் எத்தனையோ பேர். உறைந்த பச்சை இறைச்சியைக் கடித்துச் சாப்பிட்டு வாழ்ந்த ஆட்கள், இப்போது சூப்பும் பிஸ்கட்டும்.

அனுமதி என்று வந்ததால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இது என் நோயாளி பற்றியது இல்லை, நாடறிந்த செய்தி. ஆல்பர்ட்டாவில் முதற்குடிச் சிறுமி ஒருத்திக்கு நாட்பட்ட நோவுக்காகப் பற்கம்பி போட வேண்டியிருந்தது. செலவு சுமார் 6,000 டொலர். கொடுக்க முடியாது என்று நீதிமன்றத்தில் வாதாடக் கூட்டாட்சி அரசு செலவழித்தது 110,000 டொலருக்கு மேல். பணம் இல்லை என்று இனி யாராவது என்னிடம் சொல்லும்போது இந்த இரண்டு எண்களும் எனக்கு நினைவுக்கு வரும்.

பிராந்திய மையத்துக்கு விமானத்தில் எடுப்பது பற்றி. அந்த ஊர் இருக்கிற கிவாலிக் பகுதியில் ஒரு பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல பற்களுக்கு ஒரே தடவையில் சிகிச்சை செய்ய வேண்டுமென்றால் தெற்கே மானிடோபா மாகாணத்துக்கு, சில நேரம் அதன் தலைநகர் வினிப்பெக்வரைகூட, போகவேண்டிவரும். கூடத் தாய் போகவேண்டும். வீட்டில் மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது விடவேண்டும், வேலையில் லீவு எடுக்கவேண்டும். புயல் வந்து திகதி தவறினால் பட்டியலின் அடிக்குப் போய்விடும். எல்லாம் சரியாக நடந்து உலோக மூடிகளோடு பிள்ளை திரும்பி வந்தாலும், வருவது அதே தண்ணீருக்கும் அதே கடைக்கும்தான்; பின்தொடர்ந்து பார்க்க ஊரில் ஆள் இல்லை. கனடிய சுகாதாரத் தகவல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, சூத்தைக்காகச் சின்னப் பிள்ளைகளை மயக்கிச் செய்யும் அறுவைச் சிகிச்சை, பூர்வகுடி மக்கள் கூடுதலாக வாழும் இடங்களில் மற்ற இடங்களைவிட 8.6 மடங்கு அதிகம் என்று சொன்னது. இதற்குமேல் சாதாரண வலிக்காரர்களையும் விமானத்தில் ஏற்றப் போகிறீர்கள். ஒரு குடும்பத்தின் இரண்டு ரிக்கற்றுக்கும் ஹோட்டலுக்கும் ஆகிற காசில் ஒரு வைத்தியரை ஊரிலேயே கூடுதலாக எத்தனை நாள் நிறுத்தலாம் என்று கணக்குப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் வெளியிடுங்கள். ரிக்கற் செலவு ஒரு பெட்டியிலிருந்தும் வைத்தியர் செலவு இன்னொரு பெட்டியிலிருந்தும் வருவதால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

இதற்கெல்லாம் தீர்வு தெரியாமல் இல்லை. உங்கள் முன்னோடிகளே கண்டுபிடித்தார்கள். 1972இல் வடமேற்கு ஆட்புலத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் தேசியப் பல் சிகிச்சையாளர் பள்ளி தொடங்கியது. பிறகு சஸ்கச்சுவானில் பிரின்ஸ் அல்பர்ட்டுக்கு மாறியது. பல் வைத்தியர் இல்லாத ஊர்களில் அடைக்கவும் பிடுங்கவும் தடுப்பு வேலை செய்யவும் ஆட்களைப் பயிற்றுவித்த பள்ளி அது. 2011இல் கூட்டாட்சி நிதி நின்றது, பள்ளியும் மூடியது. அங்கே படித்துவிட்டு வடக்கில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள்; அந்தக் கதிரைகளுக்குத்தான் எங்களைப் போன்ற வழிப்போக்கர்கள் பறந்து போகிறோம். 2023இல் சஸ்கச்சுவானில் இந்தப் பயிற்சி மறுபடி தொடங்கியிருக்கிறது, லா ரோஞ்சிலும் வகுப்பு நடக்கிறது. மூடாமல் இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் படித்து வெளியேறியிருக்கக்கூடியவர்கள் இப்போது ஊருக்கு ஒருவராக இருந்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு இந்த முறை விளங்கும். நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதி முறையை இலங்கையும் எடுத்து, மகரகமையில் ஆட்களைப் பயிற்றுவித்தது. என் முதல் அடைப்பைச் செய்தவர் பல் வைத்தியர் இல்லை. பள்ளிக்கூடப் பல் கிளினிக்கில் இருந்த அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தப்பி ஓடினால் வகுப்புக்கே வந்து பிடிப்பார். பணக்கார நாடொன்று இல்லை இலங்கை. அந்த நாட்டால் முடிந்தது கனடாவால் முடியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

தரம் குறையும் என்று என் தொழில்காரர்களே சிலர் சொல்லுவார்கள். அலாஸ்காவிலும் சொன்னார்கள். 2003இல் அங்குள்ள பூர்வகுடி இளைஞர்கள் சிலரை நியூசிலாந்துக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். அவர்கள் திரும்பி வந்து வேலை தொடங்கியபோது அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் வழக்குப் போட்டது. தடுக்க முடியவில்லை. பின்னர் யூக்கன், குஸ்கொக்விம் ஆற்றுப் பகுதியில் செய்த ஆய்வில், இந்தச் சிகிச்சையாளர்கள் கூடுதலான நாட்கள் இருந்த ஊர்களில் பிடுங்குவது குறைந்து தடுப்புச் சிகிச்சை கூடியிருந்தது. வருடத்தில் சில நாள் வரும் பட்டதாரியைவிட ஊரில் இருக்கும் சிகிச்சையாளர் பல்லைக் காப்பாற்றுகிறார். நான் அந்தப் பட்டதாரி. எனக்கு இதைச் சொல்வதில் வெட்கமில்லை.

வேறு சிலர், வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கிற பல் வைத்தியர்களை வடக்குக்கு அனுப்பலாமே என்பார்கள். எங்கள் தமிழ் ஆட்களிலும் அப்படிப் பலர் இருக்கிறார்கள். சமநிலைப் பரீட்சைகளுக்குக் காசும் வருடங்களும் கொட்டிக்கொண்டு உதவியாளர் வேலை பார்க்கிறவர்கள். விரும்பிப் போகிறவர்களுக்கு வழி திறக்கட்டும். ஆனால் இனுவிட் ஊரை யாராவது தண்டனைக்காலம் கழித்துவிட்டு ஓடுகிற இடமாக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் புது முகம் வந்தால் அந்த ஊரில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அதற்கு வரலாறும் இருக்கிறது. 1948 முதல் 1952 வரை கூட்டாட்சி அரசின் ஆதரவோடு, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகள் ஆறில் முதற்குடிப் பிள்ளைகள்மீது போசாக்குச் சோதனைகள் நடந்தன. முரசும் பல்லும் சோதனையின் அளவுகோல்களாக இருந்ததால், அங்கே பல் வைத்தியத்தைத் தெரிந்தே நிறுத்தினார்கள். சிகிச்சை கொடுத்தால் முடிவு குழம்பிவிடுமாம். 2013இல் வரலாற்றாசிரியர் இயன் மோஸ்பி ஆவணங்களோடு வெளிக்கொண்டுவந்த உண்மை இது. அந்தப் பள்ளிகள் நுனாவுட்டில் இருக்கவில்லை என்பது சரி. ஆனால் வதிவிடப் பள்ளிக்குப் போன முதியவர்கள் அங்கும் இருக்கிறார்கள். வெள்ளை உடுப்போடு ஒருவர் வந்து "வாயைத் திற" என்றால் அவர்கள் உடனே திறக்காததை "ஒத்துழைப்பின்மை" என்று கோப்பில் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டாம் மூன்றாம் தடவையும் அதே ஆள் வந்தால் திறக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

2017இல் கூட்டாட்சித் தலைமைக் கணக்காய்வாளரின் அலுவலகம் இந்தத் திட்டங்களையே ஆராய்ந்தது. முதற்குடி, இனுவிட் மக்களின் வாய்நலத்துக்கு வருடத்துக்கு 200 மில்லியன் டொலருக்கு மேல் செலவாகிறது, ஆனால் அதனால் எவ்வளவு முன்னேற்றம் ஏற்பட்டது என்று காட்ட ஹெல்த் கனடாவால் முடியவில்லை என்றது. நிலைமை மோசம் என்று பல வருடங்களாகத் தெரிந்தும் ஒரு முழுமையான திட்டம் முடிவாகவில்லை; சிறுவர் வாய்நலத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளின் தொகையும் குறைந்திருந்தது. இப்போது இந்தப் பொறுப்பு வேறு அமைச்சிடம் இருக்கிறது. பெயர்ப்பலகை மாறியது. நீங்கள் இந்த வருடம் வெளியிட்டிருக்கிற தாளிலும் பிள்ளைகளின் பல் முன்பைவிட நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள். எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை இல்லை.

குறைத்த வருகைகளையும் தங்கும் நாட்களையும் திரும்பக் கொடுங்கள். புயலாலும் கருவிப் பழுதாலும் போன நாட்களைத் தனியாகக் கணக்கெடுங்கள். அவற்றுக்கு ஈடான நாட்களை அதே நிதியாண்டுக்குள் தாருங்கள். வருகைத் திகதிகளை ஊர்ச்சபையோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வைத்தியர் அதே ஊருக்குத் தொடர்ந்து போகும்படி ஒப்பந்தத்தை எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருதடவை புது ஆளைத் தேடுவதற்கு இதைவிடக் கூடச் செலவாகும்.

ஊரில் இனுக்டிட்டுட் பேசுகிற ஒருவருக்கு முழுநேர, நிரந்தர, வீட்டு வசதியோடு கூடிய வாய்நலப் பணி வேண்டும். ஃபுளோரைட் பூசவும், வெள்ளி டயமின் ஃபுளோரைட்டால் சூத்தையை நிறுத்தி வைக்கவும் பயிற்சியும் அதிகாரமும் அவருக்குக் கொடுங்கள். 2017இலிருந்து கனடாவில் அனுமதி உள்ள மருந்து அது. பல் கறுத்துப்போகும் என்பது உண்மை, பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். ஆனால் துளைக்கத் தேவையில்லை, ஊசி தேவையில்லை, வினிப்பெக் போகிற பிள்ளைகளின் வரிசை குறையும். அதோடு சிகிச்சையாளர் பயிற்சிக்கு நுனாவுட் இளைஞர்களுக்கென்று இடங்களையும் உதவிப்பணத்தையும் ஒதுக்குங்கள். படித்து முடித்தவருக்கு ஊரில் வேலை இருக்கிறது என்று இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

நாங்கள் நிரப்பும் தாளை மாற்றுங்கள். பிடுங்கிய பற்களோடு காப்பாற்றிய பற்களையும், முடிந்த சிகிச்சைத் திட்டங்களையும், ஐந்து வயதில் சூத்தை இல்லாத பிள்ளைகளையும் எண்ணுங்கள். மயக்க மருந்துச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் தொகையையும் சராசரிக் காத்திருப்பையும் ஊர்வாரியாக வருடத்துக்கு இருமுறை வெளியிடுங்கள். வருகைக்கு இடையில் மாதக்கணக்கான இடைவெளி உள்ள ஊர்களில் பொய்ப்பல்லுக்கும் மூடிக்கும் முன் அனுமதியை நீக்குங்கள். சந்தேகம் இருந்தால் பிறகு எங்கள் கோப்புகளைச் சோதியுங்கள், நாங்கள் எங்கேயும் ஓடிவிடமாட்டோம்.

புதிய திட்டம் ஏப்ரல் 1ஆம் திகதி நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன் ஊரில் ஒரு பொதுக்கூட்டம் வைத்து, மொழிபெயர்ப்பாளரோடு வந்து, வெட்டியதற்கான காரணத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். உங்கள் பதிலை எனக்கு அனுப்பவேண்டாம். ஊர்ச்சபைக்கு இனுக்டிட்டுட்டிலும் ஆங்கிலத்திலும் அனுப்புங்கள். அவர்கள் எனக்குச் சொல்லுவார்கள்.

இப்படிக்கு,
வடக்குக்குப் போய்வரும் ஒரு பல் வைத்தியர்
ஸ்காபரோ